வெள்ளப்பனியில ஆமை வண்டி

சம்பந்தின்னா மொறைக்கு அண்ணே. அதனால அந்த ஆள நான் அண்ணேன்னுதான் கூப்பிடணும், அவரு என்ன தங்கச்சின்னுதான் கூப்பிடணும். நாலு பேரு முன்னால அப்படித்தான் கூப்பிட்டுக்குவோம். "வாங்கண்ணே, சாப்டீங்களா?" "ஆச்சு தங்கச்சி." வாயி அப்படிப் பேசும். மனசுக்குள்ள நான் வெளக்குமாத்த கையில எடுத்து ரொம்ப நேரமாயிருக்கும். அவரும் உள்ளுக்குள்ள சும்மா இருந்திருக்க மாட்டாரு, அது எனக்குத் தெரியும்.

எங்க ரெண்டு பேருக்கும் ஒரு பேட்டரி கார வச்சு நடந்த சண்டையத்தான் சொல்றேன். அதுவும் வெள்ளப்பனி கொட்டுன நாள்ல. நெனைச்சா வயிறு எரியுது. ஆனா அதவிட சிரிப்புதான் கூட வருது, என்ன செய்ய.

அந்த ஆளு யாருன்னா, என் மக வாக்கப்பட்ட வீட்டு மாமனாரு. வட்டவளை பக்கம் ஒரு தோட்டத்துல முப்பது வருசம் தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டுனவரு. வட்டவளைன்னா மழை. வருசத்துல பாதி நாளு தண்ணிக்குள்ளதான் கெடக்கும் அந்த ஊரு. அந்தச் சேத்துலயும் சகதியிலயும் லொறிய ஓட்டுனேன்னு ஒரு பெரும அவருக்கு. இருக்க வேண்டியதுதான், நான் இல்லேங்கல. ஆனா அந்தப் பெருமய சோத்தோட, டீயோட, சுருட்டோடன்னு நாளெல்லாம் மென்னா மத்தவங்க எப்படிக் கேக்குறது?

பேரு வெட்டுன பெறகு, அதான் வயசாயி வேலையில இருந்து நிப்பாட்டுன பெறகு, வீட்டுல இருந்தாரு. வீட்டுல பொண்டாட்டியோட சண்டை. கோவிச்சுக்கிட்டு அக்கரப்பத்தனைக்கு, எங்க தோட்டத்துக்கே வந்துட்டாரு, மகன் வீட்டுக்கு. மகன் வீடுன்னா என் மக வீடு. ஒத்தக் காம்பரா, மொத்தமும் ஒரே அறைதான். என் மக விடிய எந்திரிச்சு ரொட்டி சுட்டு வச்சுட்டு மலைக்குக் கொழுந்து கிள்ளப் போவா. இவரு அதத் தின்னுட்டு, "உப்பு கொஞ்சம் தூக்கல்"ன்னு சொல்லுவாரு. என் மக ஒரு நாளு எங்கிட்ட வந்து அழுதா. "அம்மா, இந்த மனுசனுக்கு எங்கயாச்சும் ஒரு வேலை பாத்துக் குடு, பகல்லயாச்சும் வீட்டுல இல்லாம இருக்கட்டும்"ன்னா.

நான்தான் பாத்துக் குடுத்தேன். ஆமா, நானே. என் வாயாலயே சொல்லி, என் காலாலயே நடந்து போயி சேத்துவிட்டேன். அந்தக் காலு ரெண்டையும் அப்புறம் எத்தனையோ தடவ திட்டியிருக்கேன்.

நான் அப்ப தொர பங்களாவுல வேலை. தொர பங்களான்னு பேருதான், தொர போயி ரொம்ப வருசம். வெள்ளக்காரங்க வந்து தங்குற ஓட்டலா மாத்திட்டாங்க. எனக்கும் மலையில பேரு வெட்டியாச்சு, அம்பது வருசம் கொழுந்து கிள்ளுன மாதிரி இருக்கும் கணக்குப் பாத்தா, ஆனா கணக்குல நான் மோசம். ஓட்டல்ல துணி தொவைக்க, வெறகு கொண்டு போயிப் போட, தோட்டத்துல மரக்கறிக்குத் தண்ணி ஊத்த ஒரு ஆளு வேணும்னாங்க. போனேன். அந்த வேலைக்காக நான் போகல. அந்த வேலையோட ஒரு காம்பரா குடுத்தாங்க, அதுக்காகத்தான் போனேன்.

அந்தக் காம்பராவ நீங்க பாத்திருக்கணும். குசினிக்குப் பின்னால, சின்னது, ஒரு கட்டில் போட்டா மீதி எடம் கால் வைக்கத்தான். ஆனா குசினி அடுப்புச் செவுரும் எங்க செவுரும் ஒண்ணு. அந்த அடுப்பு அணையவே அணையாது. செவுத்துல முதுக வச்சு உக்காந்தா சூடு முதுகுல ஏறும். எங்க வீட்டுக்காரரு பெக்டரியில தூசுக்குள்ளயே நின்னு நின்னு நெஞ்சு கெட்டுப்போன மனுசன். குளிரு பட்டா இழுப்பு வந்துடும். பாய்ல ஒக்காந்து மீன் மாதிரி வாயத் தொறந்து தொறந்து மூடுவாரு, பாக்க முடியாது. தோட்டத்து லயத்துல, அந்த வரிசை வீட்டுல இருந்தப்ப மாசத்துல ரெண்டு தடவ ஆஸ்பத்திரிக்குத் தூக்குனோம். இந்தக் காம்பராவுக்கு வந்த பெறகு ஒரு தடவகூடப் போகல. ஒரு தடவகூட!

அதுனால அந்தக் காம்பரா போச்சுன்னா நாங்க திரும்பவும் நான் பெத்த மகன் வீட்டு லயத்துக்குத்தான் போகணும். அங்க தகரத்துக்கு நடுவுல வானம் தெரியும். அம்புட்டுதான் விசயம். எனக்கு சம்பளம், சண்டை எல்லாம் அப்புறம். அந்தச் செவுரு எனக்கு வேணும்.

பேட்டரி காரு வந்தது அந்த வருசம் மார்கழியில. பங்களா மேட்டுல இருக்கு. கீழ சரிவுல வெள்ளக்காரங்களுக்குன்னு புதுசா ரெண்டு சின்ன வீடு கட்டுனாங்க. மேலுக்கும் கீழுக்கும் நடுவுல புல்லுப் பாதை, நல்ல சரிவு. பாதையில சிமிந்தி போட்டா அழகு கெட்டுடுமாம், புல்லாவே விட்டாச்சு. காலையில கீழ இருக்குறவங்கள சாப்பாட்டுக்கு மேல கொண்டு வரணும். அதுக்குத்தான் இந்த வண்டி, அத ஓட்டத்தான் சம்பந்திய நான் சேத்துவிட்டது. வெள்ளையா, கதவு இல்லாம, கண்ணாடி இல்லாம, முன்னால ரெண்டு பேரு பின்னால ரெண்டு பேரு, கோயில் சப்பரம் மாதிரி மேல ஒரு கூர. சத்தமே இல்ல. மொதல் நாளு அது நகந்தப்ப குசினி நாயி தூக்கத்துல இருந்து எந்திரிக்கவே இல்ல, பக்கத்துல வந்து நின்ன பெறகு பாத்துட்டு ஒரு குதி குதிச்சுச்சு பாருங்க!

கொழும்புல இருந்து வண்டி கொண்டு வந்த ஆளு எல்லாரையும் கூப்பிட்டு வச்சு வெளக்குனாரு. மெனேஜர் சேரு, சம்பந்தி, குசினிக்காரங்க, துணிக் கூடையோட நானு. அந்த ஆளு சிங்களத்துல சொன்னாரு, எனக்கு பாதி வெளங்குச்சு, பாதி கண்ணால பாத்துக்கிட்டேன். சீட்டுக்குக் கீழ ஒரு சுவிச்சு. ஒரு பக்கம் முயல் படம், ஒரு பக்கம் ஆமை படம். முயல் பக்கம் தள்ளுனா மிதிச்ச ஒடனே பாயும். ஆமை பக்கம் தள்ளுனா எம்புட்டு மிதிச்சாலும் நிதானமாத்தான் எடுக்கும். ஈரத்துல, சரிவுல ஆமைன்னு ரெண்டு தடவ சொன்னாரு. டீசல் வண்டி மாதிரி இல்ல இது, டீசல் வண்டி கொஞ்சம் உறுமி யோசிச்சுத்தான் கெளம்பும், இதுக்கு யோசனையே கெடையாது, காலு படவேண்டியதுதான்னாரு.

எழுத்து தெரியாதவ படம்னா விட மாட்டா. நான் நல்லா பாத்துக்கிட்டேன். சம்பந்தி பாக்கல. சுருட்டப் பத்த வச்சுக்கிட்டு, "ஆமையில போறதுக்கு நான் எதுக்கு? அவங்களே நடந்து வந்துடலாமே"ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. மெனேஜர் சேருகூட கொஞ்சம் சிரிச்சாரு.

மெனேஜர் சேரு யாழ்ப்பாணத்து ஆளு. கெட்டவருன்னு சொல்ல மாட்டேன். ஆனா நம்ம சனம்னா மூக்கு ஒரு மாதிரி போகும் அவருக்கு. நாம பேசுறத அவரு திரும்பச் சொல்லிப் பாத்துக்குவாரு, ஏதோ கெட்டுப்போன பழத்த மோந்து பாக்குற மாதிரி.

வேலையில சேந்து ஒரு மாசம் ஆகல, சம்பந்திக்கு என் காம்பரா மேல கண்ணு விழுந்துடுச்சு. ஒரு நாளு எங்க வீட்டுக்காரரப் பாக்க வந்த மாதிரி உள்ள வந்தாரு. செவுத்தத் தொட்டுப் பாத்தாரு. திரும்பவும் தொட்டுப் பாத்தாரு.

"நல்ல சூடா இருக்கே தங்கச்சி."

"ஆமாண்ணே. இவரு நெஞ்சுக்கு நல்லா இருக்கு."

"இருக்கும் இருக்கும். நான் லயத்துல குளிருல சாகுறேன். டிரைவருன்னா வண்டி பக்கத்துலயே இருக்கணும். தொரமாரு காலத்துல அப்படித்தான்."

அந்தச் சொல்லுலயே அவரு எங்க வர்றாருன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. மறுநாளு மெனேஜர் சேருகிட்ட போயி, விடிய வண்டிக்கு பேட்டரி பாக்கணும், ராத்திரி சார்ஜுக்கு மாட்டுன கம்பி கழட்டணும், அதுக்கு நான் இங்கயே தங்கணும், வண்டிக் கொட்டகைக்குப் பக்கத்துல ஒரு காம்பரா இருக்குன்னு சொல்லிட்டாரு. மெனேஜர் சேரு "பாப்பம்"ன்னாராம். பாப்பம்னா யாழ்ப்பாணத்து ஆளுங்க வாயில எத்தனையோ அர்த்தம்.

இப்ப ஒண்ணு சொல்லணும், இதுதான் கதைக்கு ஆணிவேரு. பேட்டரிக் கம்பிய விடிய கழட்டுனது நான். அவரு வர்றதுக்கு ஏழு மணியாகும், வெயில் பட்டாத்தான் அவரு காலு வெளிய வரும். அஞ்சு மணிக்கு கீழ ரெண்டு வீட்டுக்கும் வெறகும் சுடுதண்ணிக் கேனும் கொண்டு போகணும். அந்தச் சரிவுல நாலு தடவ தூக்கிக்கிட்டு எறங்கி ஏறணும். வண்டி சும்மா நிக்குது. சத்தமும் போடாது. நீங்களா இருந்தா என்ன செஞ்சிருப்பீங்க? ஒரு நாளு ஏறி உக்காந்தேன். சுவிச்ச ஆமை பக்கம் தள்ளுனேன். ஏதோ ஒறங்குற புள்ள வயித்துல கைய வைக்கிற மாதிரி காலை வச்சேன். நகந்துச்சு! அம்மாடி, எனக்கு வந்த சந்தோசம்! கல்யாணத்துக்கு அன்னைக்குக்கூட அப்படி இல்ல, எங்க வீட்டுக்காரரு கேட்டா கேக்கட்டும்.

அன்னையில இருந்து தெனமும் ஓட்டுனேன். வேலைக்காரங்க யாரும் வண்டியத் தொடக்கூடாது, தொட்டா வேலையில இருக்க முடியாதுன்னு மெனேஜர் சேரு சொல்லியிருந்தாரு. கேன்ல இருக்குற சுடுதண்ணி சிந்தாம ஓட்டணும்னு ஓட்டி ஓட்டியே காலு பழகிப்போச்சு. எறங்குறப்ப காலை வெடுக்குன்னு எடுத்தா வண்டி இழுத்துப் பிடிக்கும், சக்கரம் புல்லுல சறுக்கும். கொஞ்சம் கொஞ்சமா எடுக்கணும். இது எனக்கு யாரும் சொல்லித் தரல. வெள்ளப்பனியில வெறுங்காலோட பெரட்டுக்கு, அதான் காலையில பேரு கூப்பிடுற எடத்துக்கு, போயி வந்த காலு. குதிகால ஊனி வேகமா வச்சா விழுவோம், முழுப் பாதத்தையும் மெதுவா வச்சா நிப்போம். அம்புட்டுதான்.

தை மாசம் பொறந்துச்சு. வெள்ளப்பனி. பங்களாவ சுத்தி புல்லெல்லாம் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி. மிதிச்சா நொறுக்கு நொறுக்குன்னு சத்தம் வரும். வெள்ளக்காரங்க அதப் போட்டோ புடிச்சாங்க. அவங்க ஊருல இதவிட நெறைய இருக்குமாம், ஆனாலும் புடிச்சாங்க. எங்களுக்கு அது எதிரி. ஒரு வருசம் வெள்ளப்பனி கொட்டி மலையில கொழுந்தெல்லாம் கருகிப்போயி வேலை இல்லாம கெடந்தோம், அத நெனைச்சா இப்பவும் உள்ளங்கை குளிரும்.

வெள்ளப்பனி விழுந்தா வெயில் படுறதுக்கு முன்னால செடிக்குத் தண்ணி ஊத்தி பனியக் கழுவி விடணும். இல்லாட்டி வெயில் பட்ட ஒடனே எல அவிஞ்சு போயிடும். அக்கரப்பத்தனை பக்கம் கெழங்கு போடுறவங்க, முட்டக்கோவா போடுறவங்க எல்லாருக்கும் இது தெரியும். நானும் பாதையோரத்துல இருந்த லீக்ஸ் மரக்கறிப் பாத்திக்கு விடிய தண்ணி ஊத்துனேன். பாதைக்கும் கொஞ்சம் போயிருக்கும். போகலேன்னு பொய் சொல்ல மாட்டேன். ரெண்டு கையளவு தண்ணி போயிருக்கும்.

அன்னைக்கு ஏழு மணிக்கு சம்பந்தி வண்டிய எடுத்துக்கிட்டு கீழ போனாரு. எறங்குறப்பவே லேசா கோணிச்சு, நான் பாத்தேன். கீழ இருந்து ஊனுகோல் வச்ச ஒரு வெள்ளக்காரக் கெழவிய ஏத்திக்கிட்டாரு. முட்டி வலி அந்த அம்மாவுக்கு, நடக்க ஏலாது. சரிவுல ஏற ஆரம்பிச்சாரு. முயல்ல. சக்கரம் சுத்துச்சு, வண்டி நகரல. நகரலன்னதும் இவரு என்ன செஞ்சாரு? வட்டவளை சேத்துல செஞ்சதையே செஞ்சாரு. ஓங்கி மிதிச்சாரு. சேத்துல ஓங்கி மிதிச்சா சக்கரம் தோண்டிக்கிட்டுப் போயி அடியில கல்லப் புடிச்சு ஏறும். பனிப்புல்லுல என்ன தோண்டுறது? சக்கரம் புல்ல மெருகு போட்டதுதான் மிச்சம். வண்டி பின்னால வழுக்கி, ஒரு சுத்து திரும்பி, பூச்செடி வேலியில போயி சாஞ்சு நின்னுச்சு. கெழவி ஒரு கூச்சல் போட்டுச்சு. அடி ஒண்ணும் இல்ல, தொப்பிதான் பறந்துச்சு.

மெனேஜர் சேரு ஓடி வந்தாரு. அவரு வாயத் தொறக்குறதுக்கு முன்னால சம்பந்தி கைய நீட்டிட்டாரு, என் பக்கம்.

"தண்ணி சேர்! பாதையில தண்ணி ஊத்தி வச்சிருக்கு! நான் என்ன செய்வேன்? முப்பது வருசம் ஓட்டுனவன் நான்!"

"ஆர் தண்ணி விட்டது?"

"நான்தான் சேர், லீக்ஸுக்கு..."

"விடியக் குளிருக்கை ஆரும் தண்ணி விடுவினமோ? விசரோ உமக்கு?"

"பனியக் கழுவணும் சேர், கழுவலேன்னா..."

"எனக்குக் கதை சொல்ல வேண்டாம். நாளைக்கு இந்தப் பாதையில ஒரு துளி தண்ணி கண்டனெண்டால், நீர் மூட்டை முடிச்சைக் கட்டலாம். அறையை டிரைவருக்குக் குடுப்பன். விளங்கிச்சோ?"

சம்பந்தி என்னப் பாத்தாரு. மொகத்துல ஒரு இரக்கம் வேற! "பாவம் சேர், தங்கச்சி வேணும்னு செஞ்சிருக்காது"ன்னாரு. அந்த நேரம் மட்டும் என் கையில ஒரு முட்டிச் சட்டி இருந்திருந்தா!

காம்பராவுக்குப் போயி எங்க வீட்டுக்காரருகிட்ட சொன்னேன். அவரு அதிகம் பேச மாட்டாரு, பேசுனா மூச்சு வாங்கும்.

"ஆமையில போடலயா அவரு?"

"போடல. சுவிச்சு எங்க இருக்குன்னே மறந்திருப்பாரு."

"சேருகிட்ட சொல்லு."

"எப்படிச் சொல்ல? ஒனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாரே. நான் ஓட்டுறேன்னு சொன்னா அதுக்கே வெளிய போடீன்னுடுவாரே."

அவரு செவுத்துல சாஞ்சு கண்ண மூடிக்கிட்டாரு. "அப்ப சொல்லாத"ன்னாரு. பெறகு, "லயத்துல இப்ப ஒழுகுதா?"ன்னு கேட்டாரு. நான் எந்திரிச்சுப் போயி துணிய மடிச்சேன், மடிச்சத திரும்ப மடிச்சேன்.

மறுநாளும் வெள்ளப்பனி, மொத நாளவிட ஜாஸ்தி. நான் ஒரு சொட்டு தண்ணி ஊத்தல. சேரு சொல்லு சேரு சொல்லுதானே. வண்டியையும் தொடல, வெறகையும் கேனையும் தலையிலயும் இடுப்புலயுமா எறக்குனேன். ஆறரைக்கு மேல வெயில் வந்துச்சு, என் லீக்ஸ் அம்புட்டும் கண்ணு முன்னால கறுத்து மடிஞ்சுச்சு. மூணு மாசம் மண்ணணைச்சு வளத்தது. எனக்கு வந்த கோவம் இருக்கே, அந்தப் பாதையில நின்னு கையப் பெசஞ்சேன்.

சம்பந்தி வந்தாரு. புதுசா ஒரு மப்ளர் கட்டிக்கிட்டு, மாப்பிள்ள மாதிரி. பாதை மேல நெழலு இன்னும் போகல, பனி அப்படியே கெடக்கு. மெனேஜர் சேரு இன்னைக்குப் பக்கத்துலயே நின்னாரு. பாதையக் குனிஞ்சு தொட்டுப் பாத்தாரு. தண்ணி இல்ல. "போம்"ன்னாரு.

கீழ போயி அதே கெழவிய ஏத்துனாரு. மிதிச்சாரு. சக்கரம் சுத்துச்சு. ஓங்கி மிதிச்சாரு. வண்டி பின்னால ஒரு முழம் வழுக்குச்சு. கெழவி கம்பியப் புடிச்சுக்கிச்சு. இன்னொரு தடவ. இன்னொரு முழம். சக்கரத்துக்கு அடியில புல்லு கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு.

"எண்ணெய்!"ன்னு கத்துனாரு சம்பந்தி. "எண்ணெய் ஊத்தியிருக்கா சேர்! நேத்து தண்ணி, இன்னைக்கு எண்ணெய்! இந்தக் காம்பராவுக்காக என்னக் கொல்லப் பாக்குறா!"

ஊத்தியிருக்குன்னு கூட சொல்லல, ஊத்தியிருக்கா! தங்கச்சியெல்லாம் பறந்துபோச்சு. எனக்கும் அந்த நேரத்துல அண்ணே பறந்துபோச்சு.

"யோவ்! எண்ணெய் ஊத்த எங்கிட்ட எண்ணெய் இருந்தா நான் கறிக்குத் தாளிச்சிருக்க மாட்டேனா? ஆமையில போடுய்யா!"

"என்னது?"

"சீட்டுக்குக் கீழ சுவிச்சு! ஆமை பக்கம் தள்ளு! காலை எடு, மிதிக்காத, வை! சும்மா வை!"

"எழுத்துத் தெரியாத பொம்பள எனக்கு வண்டி ஓட்டச் சொல்லித் தர்றியா? நான் வட்டவளை மழையில..."

"இங்க எங்கய்யா மழை? கீழ பாரு, பனி! ஆமைக்கு எதுக்கு எழுத்து? படம் போட்டிருக்கு, கண்ணு இருந்தா தெரியும்!"

குசினிக்காரங்க எல்லாம் மேட்டுல நின்னு வேடிக்க பாக்குறாங்க. மெனேஜர் சேரு என் பக்கம் மெதுவா திரும்புனாரு.

"உமக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்?"

இதுக்குத்தான் நான் பயந்தது. கேட்டுட்டாரு. கொழும்பு ஆளு வெளக்குனப்ப பாத்தேன்னு சொல்லியிருக்கலாம், அது பொய்யும் இல்ல. வாயில வந்துச்சு. ஆனா சம்பந்தி அங்க ஒக்காந்துக்கிட்டு, மப்ளர இழுத்து விட்டுக்கிட்டு, "அவளுக்கு என்ன சேர் தெரியும், துணி தொவைக்கிறவ"ன்னாரு. அம்புட்டுதான்.

"நான் தெனமும் ஓட்டுறேன் சேர். விடிய அஞ்சு மணிக்கு. வெறகும் சுடுதண்ணியும் இதுலதான் எறக்குறேன். ஒரு மாசமா. வெள்ளப்பனியிலயும் ஓட்டியிருக்கேன். கேன்ல ஒரு சொட்டு சிந்துனதில்ல."

மெனேஜர் சேரு மொகம் செவந்துச்சு, கறுத்துச்சு. நான் நெனைச்சேன், முடிஞ்சுச்சு, மூட்டையக் கட்டவேண்டியதுதான். முடிஞ்சதுதான் முடிஞ்சுச்சு, இந்த ஆள ஒரு தடவயாச்சும் வாயடைக்க வச்சுட்டுப் போறேன்னு சரிவுல எறங்கிட்டேன்.

"எறங்குய்யா"ன்னேன். அவரு எறங்கல. மெனேஜர் சேரு மேல இருந்து, "இறங்கும். என்னதான் செய்யிறா எண்டு பாப்பம்"ன்னாரு. எறங்குனாரு, எறங்குன ஒடனே பனியில காலு வழுக்கி வண்டியக் கட்டிப்புடிச்சாரு. நான் சிரிக்கல. சரி, சிரிச்சேன்.

ஏறி உக்காந்தேன். கெழவி என்னப் பாத்து ஏதோ சொல்லிச்சு, பயத்துல இருக்கு பாவம். நான் கைய காட்டினேன், சும்மா இருங்கம்மான்னு. சுவிச்ச ஆமை பக்கம் தள்ளுனேன். அந்த மெருகு போட்ட எடத்துல இருந்தா ஆமையும் ஏறாது. அதனால மொதல்ல மேல பாக்கல. ஸ்டியரிங் வளையத்த லேசா திருப்பி, வண்டிய தானா பின்னால நாலு முழம் உருள விட்டு, மிதிபடாத வெள்ளப் புல்லுக்குக் கொண்டு போனேன். சம்பந்தி, "பாருங்க, பின்னால போகுது, பாருங்க!"ன்னு கத்துனாரு. கத்தட்டும். பெறகு காலை வச்சேன். புள்ள வயித்துல வச்ச கை. சக்கரம் சுத்தல, உருண்டுச்சு. நொறுக்கு நொறுக்குன்னு பனி ஒடையுற சத்தம் மட்டும். நடுவுல ஒரு எடத்துல கொஞ்சம் வழுக்குன மாதிரி இருந்துச்சு, மிதிக்கணும்னு காலு பறந்துச்சு. மிதிக்கல. இன்னும் கொறைச்சேன். கொறைச்ச ஒடனே புடிச்சுக்கிச்சு. கூட நடந்து வர்றவங்க என்ன முந்திப் போயிருக்கலாம், அம்புட்டு மெதுவு. ஆனா ஏறுச்சு. பங்களா வாசல்ல கொண்டு போயி நிப்பாட்டுனேன்.

கெழவி எறங்கி என் கையப் புடிச்சுக் குலுக்கிட்டு நேரா சாப்பாட்டுக்குப் போயிடுச்சு. பசி அந்த அம்மாவுக்கு.

மெனேஜர் சேரு வந்தாரு. என்னப் பாராட்டுவாருன்னு நெனைச்சீங்களா? திட்டுனாரு. திட்டுன்னா திட்டு. ஆரைக் கேட்டுத் தொட்டனீர், கவிண்டு செத்திருந்தால் ஆர் பதில் சொல்லுறது, உங்கட சனத்துக்குச் சொன்னால் விளங்காதோன்னு, மூச்சு விடாம. நான் தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னேன். நம்ம சனத்தச் சொன்னப்ப மட்டும் நிமிந்து பாத்தேன். அதுக்கப்புறம் கொஞ்சம் கொறைச்சாரு.

சம்பந்தி மேல வந்து சேந்தாரு, நடந்தே, மூச்சு வாங்க. "கேட்டீங்களா சேர், திருட்டுத்தனமா ஓட்டியிருக்கா. இன்னைக்கே வெளியேத்துங்க. காம்பரா சாவியக் குடுங்க."

மெனேஜர் சேரு அவரயும் பாத்தாரு, அந்தச் சரிவையும் பாத்தாரு. மேல பங்களாவுக்குள்ள வெள்ளக்காரங்க சாப்புடுற சத்தம் கேக்குது, கீழ இன்னும் மூணு பேரு ஏறணும்.

"சாவி எதுக்கு உமக்கு? விடிய வண்டியைப் பாக்கிற ஆளுக்கு அறை வேணுமெண்டு நீர்தானே சொன்னனீர். இவ்வளவு நாளும் விடிய பாத்தது ஆர்?"

சம்பந்தி கொட்டகைப் பக்கம் பாத்தாரு.

"பனி கிடக்கிற காலையில இவ ஓட்டட்டும். வெயில் வந்தாப்பிறகு நீர் ஓட்டும். அறையைப் பற்றி இனி ஆரும் என்னட்டைக் கதைக்கக் கூடாது." எங்கிட்ட திரும்பி, "கவிட்டீரெண்டால் அப்ப கதைக்கிறன்"ன்னுட்டுப் போனாரு.

நானும் சம்பந்தியும் தனியா நின்னோம். அவரு மப்ளரக் கழட்டி ஒதறிக் கட்டுனாரு.

"ஒம் மக என் வீட்டுலதான் இருக்கா தங்கச்சி, ஞாபகம் இருக்கட்டும்"ன்னாரு.

"ஒங்க வீட்டுலயாண்ணே? நீங்கதான் அவ வீட்டுல இருக்கீங்க. நாளைக்கு ரொட்டியில உப்பு தூக்கலா இருந்தா சொல்லுங்க, நான் போயி கேக்குறேன்."

காறித் துப்பிட்டுப் போனாரு. அதுக்குப் பெறகு நாலு வருசம், பொங்கலுக்குக்கூட எங்கிட்ட மொகம் குடுத்துப் பேசல. என் மகளுக்குத்தான் கஷ்டம், நடுவுல கெடந்து ரெண்டு பக்கமும் ஏச்சு வாங்குனா. அது எனக்கு வருத்தம்தான். அந்த ஆளுக்காக ஒரு துளி வருத்தம் இல்ல.

மிச்ச மூணு பேரையும் ஏத்தி முடிச்சுட்டு, வண்டிய கொட்டகையில விட்டு கம்பிய மாட்டிட்டு, காம்பராவுக்குப் போனேன். எங்க வீட்டுக்காரரு கட்டில்ல, முதுக செவுத்துல வச்சு ஒக்காந்திருந்தாரு.

"என்னடி வெளிய அம்புட்டு சத்தம்?"

"ஒண்ணும் இல்ல. காம்பரா நமக்குத்தான்."

அவரு என்னயே பாத்தாரு. கொஞ்சம் நகந்து செவுத்துல எனக்கு எடம் விட்டாரு.

"கதவச் சாத்திட்டு வந்து ஒக்காரு. குளுரு உள்ள வருது."